பரணிலிருந்து இறங்கும் பழைய ஃப்ளை ரீல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த முள்ளை, கனமான நூலின் எடையைக் கொண்டே வீசி மீன் பிடிப்பது ஃப்ளை தூண்டில். அந்த நூலைச் சுற்றி வைக்கும் சக்கரம் ஃப்ளை ரீல். மதுரையில் இருந்துகொண்டு அவற்றைச் சேர்க்கிறேன், பழுது பார்க்கிறேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது என்று யாராவது ஒரு ரீலைத் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

மதுரைப் பக்கம் இதெல்லாம் எப்படி வந்தது? இங்கே டிரவுட் மீனே கிடையாதே?

மதுரைக்குள் கிடையாது. டிரவுட் குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் மீன். ஆனால் 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கொடைக்கானல் ஏரியை 1863-ல் உருவாக்கிய வெர் லெவிஞ்ச் மதுரைக் கலெக்டராக இருந்தவர். பழனி மலையின் மேல் ஓடைகளில் டிரவுட் விட்டு வளர்த்ததும் உண்டு. போடிமெட்டு ஏறிப் போனால் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்கு டிரவுட் தூண்டில் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மாதிரி. அவர்கள் ஊர் திரும்பும்போது ரீலையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. பங்களா சமையல்காரருக்கோ ரைட்டருக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று என்னிடம் வருகிறார்கள்.

இன்னொரு விஷயம், இது என் சொந்தக் கணிப்பு. ஊட்டிப் பக்கம் பழைய ரீல் என்றால் அநேகமாக இங்கிலாந்துச் சரக்கு. கொடைக்கானலில் அப்படி இல்லை. 1845-ல் அங்கே முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் மதுரையின் அமெரிக்க மிஷன்காரர்கள். பசுமலையிலும் மதுரையிலும் பள்ளியும் கல்லூரியும் நடத்தியவர்கள் கோடையில் மலைக்கு ஏறினார்கள். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்து டிரங்குப் பெட்டிகளில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஃப்ளூகர் ரீல் அடிக்கடி கிடைக்கிறது.

என்னிடம் இருப்பது ஃப்ளை ரீல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நூல் உருளையும் சரியாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் ஃப்ளை ரீலாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று, நான்கு சுற்றுச் சுற்றினால் அது மல்டிப்ளையர், வேறு ஜாதி. உருளை நிலையாக நின்று கம்பி வளையம் ஒன்று அதைச் சுற்றி வந்தால் ஸ்பின்னிங் ரீல். ஃப்ளை ரீல் தட்டையாக, அகலம் குறைவாக, பெரும்பாலும் பக்கமெல்லாம் துளையாக இருக்கும். அடியில் கம்பில் பொருத்துவதற்கு நீளமான கால் ஒன்று இருக்கும். கால் இல்லை என்றால் யோசியுங்கள். தோல் உறையோடு பித்தளைக் கைப்பிடி மடங்கிய ‘ரீல்’ ஒன்றை ஒருவர் மிகுந்த ஆசையோடு கொண்டுவந்தார். உள்ளே இருந்து அடியும் அங்குலமும் குறித்த துணிநாடா வந்தது. அவருடைய தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராம்.

கிடைத்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். முக்கியமாக, தேய்க்காதீர்கள்.

நம் வீட்டில் பித்தளை கருத்திருந்தால் கை தானாகப் புளியைத் தேடிப் போகும். குத்துவிளக்குக்குச் சரி, ரீலுக்குச் சரியில்லை. பழைய ரீல்களின் மேலுள்ள கருஞ்சாம்பல் நிறம் அழுக்கு இல்லை; தொழிற்சாலையிலேயே கொடுத்த மேற்பூச்சு. தண்ணீருக்கு மேல் பளபளத்து மீனை விரட்டக் கூடாது என்று வேண்டுமென்றே மங்கலாக்கியது. புளியும் பாலிஷும் அதை நிமிடத்தில் எடுத்துவிடும், திரும்ப வராது. கூடவே மெல்லிய எழுத்து முத்திரைகளும் தேய்ந்துபோகும். அந்த எழுத்துகள்தான் ரீலின் ஜாதகம்.

மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள். பழைய வேட்டித் துணிக்கு மிஞ்சியது இல்லை. பிறகு நல்ல வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், கால், உள்பக்கம் என நான்கு படம் எடுத்து வையுங்கள்.

பெயரே தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் காலைப் பார்ப்பேன்.

கால் பித்தளையா, அலுமினியக் கலவையா? வழுவழுப்பா, குறுக்கே வரிவரியாகப் புடைத்திருக்கிறதா? ஹார்டி என்னும் இங்கிலாந்து நிறுவனத்தின் ரீல்களில் பொதுவாக வழுவழுப்பான பித்தளைக் கால் பழையது, வரியிட்ட பித்தளைக் கால் அதற்கு அடுத்தது, அலுமினியக் கலவைக் கால் பிற்பட்டது. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் முதல் கணிப்புக்கு இது போதும். காலின் நுனி அரத்தால் ராவப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கம்பின் வளையத்துக்குள் நுழையவில்லை என்று பலர் ராவியிருப்பார்கள். என் ரீல் ஒன்றுக்கும் அந்தக் கதி நேர்ந்தது. ஒரு பட்டறையில் ஆணியை இறுக்கக் கொடுத்தேன். ‘இதுவும் கொஞ்சம் தடிமனாக இருந்தது சார், சேர்த்துச் சரிசெய்துவிட்டேன்’ என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அதனால் திட்டவும் முடியவில்லை.

அடுத்தது திருகாணிகள். பழைய ஆங்கில ரீல்களில் ஒற்றைக் கோடு போட்ட திருகாணிதான் இருக்கும். பிளஸ் குறி திருகாணி கண்ணில் பட்டால் பிற்காலத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது ரீலே பிற்காலத்தது.

மூன்றாவது, பொருள். முழுப் பித்தளை என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணி. வால்நட் மரமும் பின்னால் நட்சத்திர வடிவப் பித்தளையும் என்றால் நாட்டிங்ஹாம் பாணி; அது பெரும்பாலும் ஃப்ளைக்கானது அல்ல, மிதவைத் தூண்டிலுக்கானது. நம் ஊர்க் காய்ச்சலில் அந்த மரம் வெடித்துத்தான் கிடைக்கும். கறுப்பாகக் கொம்புபோல் இருந்து, தேய்த்தால் கந்தக வாசனை அடித்தால் எபொனைட் என்னும் கடின ரப்பர். வெயில் பட்ட எபொனைட் பழுப்பும் பச்சையுமாக வெளிறிப்போகும். நியூயார்க்கின் எட்வர்ட் வோம் ஹோஃப் இந்தக் கடின ரப்பரையும் ஜெர்மன் சில்வரையும் சேர்த்துச் செய்த ரீல்களை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். யாராவது கொண்டுவந்தால் காபி வாங்கித் தருவேன்.

கடைசியாக, உள்பக்கம். ஹார்டி ரீல்களுக்குள் ஒன்றிரண்டு எழுத்துகள் பொறித்திருக்கும். அது அந்த ரீலைக் கோத்த தொழிலாளியின் பெயரெழுத்து, உரிமையாளருடையது அல்ல.

வெளியே கடைப்பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கடையே செய்தது என்று எண்ண வேண்டாம். ரெடிட்ச் நகரத்து ஜே. டபிள்யூ. யங் நிறுவனம் 1884 முதல் ரீல் செய்தது; தன் பெயரில் பியூடெக்ஸ், பிரைடெக்ஸ், காண்டெக்ஸ் என்று விற்றதோடு பிற கடைகளின் பெயர் பொறித்தும் ஏராளமாகச் செய்து கொடுத்தது. ‘எக்ஸ்’ என்று முடியும் பெயரைப் பார்த்தாலே எனக்கு ரெடிட்ச் ஞாபகம் வந்துவிடும்.

ஹார்டி என்று போட்டிருக்கிறது. அதிர்ஷ்டமா?

நல்ல செய்திதான், ஆனால் வீட்டை விற்றுவிடாதீர்கள்.

ஹார்டி சகோதரர்கள் வட இங்கிலாந்தின் ஆன்விக் ஊர்க்காரர்கள். எழுதுவது வேறு மாதிரி, உள்ளூரில் சொல்வது ‘ஆனிக்’. 1872-ல் தொடங்கினார்கள். அவர்களுடைய பெர்ஃபெக்ட் ரீல் 1891-ல் விற்பனைக்கு வந்தது. உருளை குண்டு பேரிங்கில் ஓடும், நூல் உலரத் துளைகள் உண்டு, நூல் ஓடும் இறுக்கத்தைத் திருகிக் கூட்டலாம் குறைக்கலாம். சைக்கிள் தொழில் கண்ட வசதியைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே பெர்ஃபெக்டைச் சிறுசிறு மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் ‘பெர்ஃபெக்ட்’ என்ற பெயர் மட்டும் வயதைச் சொல்லாது.

வயதைச் சொல்வது உள்ளே இருக்கும் செக். செக் என்பது பல்சக்கரமும் அதன்மேல் உட்காரும் நாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்பு. ‘1896 செக்’, ‘1912 செக்’ என்று சேகரிப்பவர்கள் அதை வைத்தே பேசுவார்கள். ‘டூப்ளிகேட்டட் மார்க் 2’ என்று பொறித்திருந்தால் முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிந்தியது. கையில் தூண்டில் கம்பு பிடித்திருக்கும் முத்திரை இருந்தால் ஆரம்பகாலம்; உடனே பத்திரமாக வையுங்கள். ஹார்டியின் மற்ற மாடல்களில், யூனிக்வா என்றால் இன்னும் எளிமையான, மலிவான, ஆனால் நன்றாக உழைக்கும் ரீல். செயின்ட் ஜார்ஜ் 1911 வாக்கில் வந்தது. அதில் நூல் வெளிவரும் இடத்தில் அகேட் கல் வளையம் இருக்கும். அந்தக் கல்லில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசல் இருந்தால் நூலை அறுத்துவிடும். லைட்வெயிட் வரிசை 1936-ல் தொடங்கியது. இங்கே வரும் ஹார்டிகளில் எனக்குப் பிடித்தது அதுதான். எடை குறைவு, பாகங்கள் எளிது, கெட்டுப்போவது அபூர்வம்.

‘பேட்டன்ட் நம்பர் 9261’ என்று இருக்கிறது. 9261-ஆவது ரீலா?

இல்லை. இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. அது காப்புரிமை எண். அதே எண் பல ஹார்டி ரீல்களில் இருக்கும். பிரிட்டனில் 1916-க்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் காப்புரிமை எண்ணை ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். ஆகவே ஆண்டு இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் தையல் மிஷினோ கொதிகலனோ வந்து நிற்கும். ஆண்டு தெரிந்தாலும் அது யோசனை பதிவான ஆண்டு. உங்கள் ரீல் அதற்கு இருபது ஆண்டு கழித்துப் பிறந்திருக்கலாம்.

ஃப்ளூகர் மெடலிஸ்ட் பற்றி?

ஆங்கிலத்தில் Pflueger என்று எழுதுவார்கள்; பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து வாய் திணறும். அமெரிக்கர்களுக்கே திணறியதால் ‘ஃப்ளூகர் என்று உச்சரிக்கவும்’ என்று கம்பெனியே விளம்பரத்தில் சொல்லிக்கொடுத்தது.

ஒஹையோவின் ஏக்ரன் நகரத்துச் சரக்கு. 1492, 1494, 1495, 1498 என்று எண்கள் இருக்கும். ஆண்டு என்று நினைத்துக் கொலம்பஸ் வரை போய்விடாதீர்கள், மாடல் எண் அது. 1492 ஏறத்தாழ 2⅞ அங்குலம், 1494 ஏறத்தாழ 3¼, 1498 நான்கு அங்குலம். 1966-ல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஃப்ளூகரை வாங்கியது. பிறகு தயாரிப்பு ஆசியாவுக்கு நகர்ந்தது. ஏக்ரன் பெயர் இருந்தால் பழையது என்று கொள்ளலாம்.

மெடலிஸ்ட் அழகுப் பொருள் இல்லை. லட்சக்கணக்கில் விற்ற உழைப்பாளி ரீல். சேகரிப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், நான் மாட்டேன். பழைய ரீலை வைத்து மீன் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஹார்டியை அலமாரியில் வைத்துவிட்டு மெடலிஸ்டை எடுத்துப் போகச் சொல்வேன். கரையில் கல்லில் விழுந்தாலும் மனம் நோகாது.

கைப்பிடி யானைத் தந்தமா?

அநேகமாக ஐவரின். தந்தம் மாதிரி செய்த செயற்கைப் பொருள், வயதானால் மஞ்சள் பூக்கும். உண்மைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் வலைபோல் தெரியும். தந்தம் என்று சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் வாங்க வேண்டாம். பொய்யாக இருந்தால் பணம் போச்சு. உண்மையாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் வந்து நிற்கும்.

போலிகள் உண்டா?

அலங்காரத்துக்காக வார்க்கப்படும் பித்தளை ரீல்கள் சந்தையில் இருக்கின்றன. வேண்டுமென்றே கருக்கி, பழையதுபோல விற்பார்கள். மணல் வார்ப்பின் சொரசொரப்பு தெரியும், உருளை ஆடும், செக் பேருக்கு ஒரு தகடு. சுற்றிப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

போலியைவிட ஆபத்தானது கலப்பு. ஒரு ரீலின் கூடும் இன்னொன்றின் உருளையும் சேர்ந்தது. கொடைக்கானலில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் அப்படி ஒரு ‘பெர்ஃபெக்ட்’ வாங்கி வந்தேன். மழையும் பனியும், சாயங்கால வெளிச்சம் வேறு. பஸ்ஸில் வத்தலக்குண்டு வந்து இறங்கும்போதுதான் உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு பக்கம் இடைவெளி அதிகம் என்று கண்ணில் பட்டது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பார்த்திருந்தால் இறங்கித் திரும்பியிருப்பேன். வாங்கும்போது உருளையைச் சுழற்றி, இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக ஓடுகிறதா என்று பாருங்கள். பல ரீல்களில் கூட்டிலும் உருளையிலும் ஒரே குறி இருக்கும், அதையும் ஒப்பிடுங்கள்.

எண்ணெய் எது போடலாம்? திறக்கலாமா?

தையல் மிஷின் எண்ணெய். ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து, சுழல் தண்டில். பல்சக்கரத்துக்கும் நாக்குக்கும் மெல்லிய கிரீஸ் கடுகளவு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சிக்குப் பிடித்து, மார்கழியில் கொடைக்கானல் கொண்டுபோனால் உறைந்து நிற்கும்.

திறப்பதற்கு முன் திருப்புளியின் முனை திருகாணியின் கோட்டில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பொருந்தாத திருப்புளியால் சிதைந்த திருகாணித் தலைதான் நான் அதிகம் பார்க்கும் காயம். அசையவில்லை என்றால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வாட்ச் பழுது பார்ப்பவரிடம் போங்கள். லேத் பட்டறைக்குப் போக வேண்டாம். காரணம் மேலே சொன்னேன்.

பெர்ஃபெக்டைத் திறந்தால் பேரிங் குண்டுகள் உதிரக்கூடும். விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில், துணி விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறக்கவும். குண்டுகளை எண்ணி எழுதி வையுங்கள்.

ஒரு நெம்புகோலைத் தொட்டால் நூல் தானாகச் சுற்றிக்கொள்கிறது. இது என்ன?

ஆட்டோமேட்டிக் ரீல். நியூயார்க் மாநிலத்து மார்ட்டின் நிறுவனம் இதற்குப் பேர்போனது. உள்ளே கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள் ஸ்பிரிங், ஆனால் பல மடங்கு பலம். இதைத் திறக்காதீர்கள். ஸ்பிரிங் பாம்புபோல் எழும்பிக் கையைக் கிழிக்கும். அலமாரிக்கு நல்லது. வீசிப் பிடிப்பதற்குக் கனம் அதிகம்.

ரீலில் பழைய பட்டு நூல் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

அதை முதலில் முழுவதும் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு நூல் வருவதற்கு முன் ஃப்ளை நூல் எல்லாம் பட்டு. பின்னிய பட்டில் ஆளிவிதை எண்ணெயை ஊறவைத்து ஊறவைத்துக் காயவைப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரப் பெரியவர் ஒருவர், தறிக்காரர். என்னிடமிருந்த நூலை நகத்தால் நெருடிப் பார்த்து, ‘முறுக்கினது இல்லை தம்பி, பின்னினது. நடுவில் பருமன், இரண்டு நுனியும் மெலிவு. யாரோ கணக்குத் தெரிந்தவன் செய்திருக்கிறான்’ என்றார். ரீல் புத்தகம் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை.

அந்தக் கணக்குதான் பெட்டியில் எச்.சி.எச்., எச்.டி.எச்., எச்.இ.எச். என்று எழுதியிருப்பது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பருமன். எச் என்றால் அங்குலத்தில் 0.025, இ என்றால் 0.040, டி என்றால் 0.045, சி என்றால் 0.050. நுனி, நடு, நுனி என்ற வரிசை. 1961-ல் அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர்கள் பருமனை விட்டுவிட்டு, முதல் முப்பது அடியின் எடையை வைத்து எண் கொடுத்தார்கள். ஏறத்தாழ எச்.இ.எச். இன்றைய 5, எச்.டி.எச். 6, எச்.சி.எச். 7.

பட்டு நூல் பிசுபிசுத்தால் மேற்பூச்சு கெட்டுவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். அறுந்தால் ஆயுள் முடிந்தது. நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு நாளும் பிடித்து முடித்ததும் ரீலிலிருந்து கழற்றி நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு ரீலிலேயே விட்டால் அழுகிவிடும். உருளையில் அத்தனை துளை எதற்கு என்று இப்போது தெரியும். 1874-ல் சார்ல்ஸ் ஆர்விஸ் காப்புரிமை பெற்ற அமெரிக்க ரீலிலேயே அந்தத் துளைகள் வந்துவிட்டன.

அப்படியானால் புது நூல் எவ்வளவு போடலாம்?

பட்டு மெலிது, பிளாஸ்டிக் பருமன். அந்தக் காலத்தில் ஆறாம் எண் பட்டு நூலும், அதற்கு அடியில் முதலில் சுற்றும் மெல்லிய அடிநூலும் கொண்ட ரீலில் இன்றைய ஆறாம் எண் நூலைத் திணித்தால் கூட்டில் உரசும். ஒரு எண் குறைத்து வாங்குங்கள், அல்லது அடிநூலைக் குறையுங்கள். விளிம்புக்குச் சுண்டுவிரல் பருமனில் பாதி அளவு இடம் விட்டே சுற்றுங்கள்.

இடது கையால் சுற்ற முடியுமா?

சில ரீல்களில் நாக்கைத் திருப்பிப் போட்டால் போதும். மெடலிஸ்டில் நாக்கையும் நூல் வழியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெர்ஃபெக்ட் வலது கைக்குத் தனியாக, இடது கைக்குத் தனியாகச் செய்யப்பட்டது. அதை மாற்ற முயல வேண்டாம். வாங்கும்போதே பாருங்கள்.

மதுரைப் பக்கம் இதை வைத்து எங்கே மீன் பிடிப்பது?

கண்மாயில்தான். ஜிலேபி கெண்டை சின்ன ஈரப்பூச்சியை எடுக்கும். விரால் தண்ணீர் மேல் தத்தும் தக்கைப் பூச்சியைப் பாய்ந்து அடிக்கும். அதன் பல்லுக்கு, நூல் நுனிக்கும் பூச்சிக்கும் இடையில் கட்டும் முன்நரம்பு சற்றுத் தடித்ததாக வேண்டும். ஆனால் கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைதாரர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நான் பிடித்ததைத் திரும்ப விடுவேன் என்று சொன்னதும் ஒருவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு ஒருபோதும் தடுக்கவில்லை.

நூலைப் பின்னால் வீச இடம் வேண்டும். கரை நெடுக சீமைக்கருவேலம். முதல் வருடம் என் பூச்சிகளில் பாதி அந்த முள்ளில்தான் தொங்கின. மதகுப் பக்கம் வெட்டவெளி பார்த்து நில்லுங்கள். வைகை அணையிலும் கொடைக்கானல் ஏரியிலும் மீன்வளத் துறையிடம் விசாரித்துவிட்டே தொடங்குங்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் தூண்டிலோடு போகவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நம் போர்வெல் உப்புத் தண்ணீரில் ரீலைக் கழுவி அப்படியே விடாதீர்கள். வெள்ளை வெள்ளையாகப் படியும். துடைத்து, உருளையைக் கழற்றி, நிழலில் காயவையுங்கள்.

தோல் பெட்டியோடு கிடைத்தது. அதிலேயே வைக்கலாமா?

பெட்டியைத் தனியாக, ரீலைத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அலுமினியம் வெண்புள்ளி பூத்து அரிக்கும். காட்டன் பை போதும். பரணில் வேண்டாம். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டில் பட்டு நூலின் பூச்சு உருகும், பிளாஸ்டிக் நூலும் கெடும்.

என்ன விலை போகும்?

அளவு, மாற்றப்படாத பாகங்கள், ராவப்படாத கால், மேற்பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. படம் பார்த்து விலை சொல்ல மாட்டேன். நான் வாங்கவும் மாட்டேன். வீட்டில் அனுமதி இல்லை.

என் ரீல் சத்தமே போடவில்லை. கெட்டுவிட்டதா?

நாக்கு தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம். அதற்கு முன், உள்ளே கிரீஸ் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ நல்ல மனதோடு அரை டப்பா கிரீஸை அடைத்திருப்பார்கள். துடைத்தெடுத்தால் குரல் திரும்பிவிடும். சில ரீல்களில் இரண்டு நாக்குகள் இருக்கும், ஒன்று மட்டும் பல்லைத் தொடும். மற்றது மாற்றுக்கு வைத்தது. தொடுகிற நாக்கு தேய்ந்திருந்தால் அதை விலக்கிவிட்டு மற்றதைத் திருப்பிவிடுங்கள்.

இந்தச் செக் மீனை நிறுத்தும் பிரேக் அல்ல. மீன் இழுத்து நிற்கும்போது உருளை தன் வேகத்தில் தொடர்ந்து சுழன்று நூல் சிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ரீலுக்கும் குரல் வேறு. வெளியே ஓடும்போது ஒரு சுதி, உள்ளே சுற்றும்போது ஒரு சுதி.

சரிசெய்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல் சோதித்துப் பார்க்க வேண்டாம். எங்கள் மாடி வீட்டுக்காரர் சில்வண்டு என்று நினைத்து மருந்து அடிக்கும் டப்பாவோடு இறங்கி வந்துவிட்டார்.